குதிரைக் காலுக்குக் காப்பு வேண்டுமா?



சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு சிதம்பரத்திற்கு வந்தார். தேசிய மாணவர் படையில் குதிரைப் பிரிவு ஒன்று உண்டு என்பது உங்களிற் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் அதிலே பயிற்சி பெறுபவர். “ஐயா, திறந்த வெளியில் நெடுந்தூரம் குதிரையைச் செலுத்தும்போது அதன் கால்களுக்குக் காப்புக் கட்ட வேண்டுமா, வேண்டாமா? ஒருவர் கட்டாமற் போவது பாவம் என்கிறார். மற்றொருவர் கட்டுவதே பாவம் என்கிறார். நான் யார் சொல்லைக் கேட்பது?” என்று வினவினார்.

நான் கால்நடை மருத்துவனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். இக்கேள்விக்கு நான் இளமையில் ஒருமுறை விடை சொன்னேன். மிக விரைவாகச் சொன்னேன். அதன் விலையை ஒரு குதிரை கொடுத்தது. ஆதலால் இம்முறை அவரை உட்காரவைத்துச் சற்று விரிவாகவே பேசினேன். அன்று பேசியதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

கடலூர், சிதம்பரம் பகுதியிலே குதிரையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நான் சிறுவனாயிருந்த காலத்தில் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்திலும் சிதம்பரம் நிலையத்திலும் ரயில் வந்து நின்றவுடன் ஜட்கா வண்டிகள் வரிசையாகக் காத்திருக்கும். என் பாட்டனாரும் ஒரு ஜட்கா வண்டிக்காரர். நிலையத்திலிருந்து கீழவீதிக்கும், பிறகு பரங்கிப்பேட்டைச் சாலைக்கும் அவர் வண்டி ஓடும். எழுத்தறியாதவர், ஆனால் ஒவ்வோர் இரவும் கொள்ளு வைப்பதற்கு முன்பு குதிரையின் முன்கால்கள் இரண்டையும் தம் இரண்டு உள்ளங்கைகளாலும் ஒரே நேரத்திற் பற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி சிறிது நேரம் அமர்ந்திருப்பார். அவர் ஏதோ மந்திரம் சொல்கிறார் என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்.

குதிரையின் காலை முதலில் அறிந்துகொள்வோம். முன்காலின் நடுவே மடிகின்ற இடத்தை நாம் முழங்கால் என்கிறோம். உடற்கூற்றின்படி அது நம் கையின் மணிக்கட்டுக்கு ஒப்பானது. அதற்குக் கீழே நீண்டு செல்லும் எலும்பு நம் உள்ளங்கையின் நடுவெலும்பு. குளம்போ நடுவிரலின் நகம். நான்கு விரல் நகங்களின்மேல் ஐந்நூறு கிலோ எடையுள்ள ஓர் உடல் நின்றுகொண்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்! முழங்காலுக்குக் கீழே தசை என்பது கிடையாது. எலும்பு, அதன் பின்புறத்தில் கயிறுபோலிறங்கும் தசைநாண்கள், இவற்றை மூடிய மெல்லிய தோல், அவ்வளவே. நம் உடம்பில் அடிபட்டால் தசை மெத்தைபோல் தாங்குகிறது. குதிரையின் கீழ்க்காலுக்கு அந்த மெத்தை இல்லை. அங்கே இரத்த ஓட்டமும் குறைவாதலால் புண் ஆறுவதும் மெதுவே.

இந்தக் காலுக்கு வெளியிலிருந்து வரும் தீங்குகள் எவை? ஓடும்போது ஒரு காலின் லாடம் எதிர்க்காலின் உட்புறத்தில் உரசும். களைத்த குதிரைக்கும், கால் கோணலாக அமைந்த குதிரைக்கும் இது மிகுதி. பாய்ந்து செல்கையில் பின்காலின் நுனி முன்காலின் குதியை மிதித்துச் சதையைப் பெயர்த்துவிடுவதும் உண்டு. கல், வேலி, மரக்கட்டை ஆகியவற்றில் மோதுவதும் முள் தைப்பதும் நாம் அறிந்தவையே. இவற்றைத் தடுப்பதற்காக எழுந்ததே கால்காப்பு. முற்காலத்தில் கம்பளியும் தோலும் கொண்டு தைத்தார்கள். இக்காலத்தில் நியோப்ரீன் ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். உட்புறத்தை மட்டும் மூடுவது ஒரு வகை. பின்புறத் தசைநாண்களைக் காப்பது ஒரு வகை. குளம்பைச் சுற்றி மணிபோல் கவிந்திருப்பது மற்றொரு வகை. என் பாட்டனார் பழைய சைக்கிள் டயரில் ஒரு துண்டை வெட்டி, சாக்குத் துணியை உள்ளே வைத்துத் தைத்து, உரசுகிற காலுக்கு மட்டும் கட்டுவார். அதுவும் கால்காப்புத்தான்.

வண்டிச் சாலையில் எளிதாயிருக்கும் இந்த விஷயம் வேட்டையில் ஏன் வழக்காகிவிடுகிறது? வேட்டையின் தன்மையைப் பார்த்தால் அது விளங்கும். இங்கிலாந்தில் குதிரைமீதேறி மோப்ப நாய்களுடன் நரியைத் துரத்துவது பழங்காலப் பொழுதுபோக்கு. அதை ஆங்கிலேயர் நம் நாட்டிற்கும் கொண்டுவந்தனர். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே உதகமண்டல வேட்டைச் சங்கம் புகழ்பெற்றிருந்தது. அங்கே செந்நரி கிடையாதாகையால் நம் குள்ளநரியைத் துரத்தினார்கள். சென்னை மாகாணத்தின் ஆளுநராய் 1891 முதல் 1896 வரை இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் வழங்கும் வென்லாக் புல்வெளியே அவர்களுடைய வேட்டைக்களம். திரைப்படங்களில் ‘ஒன்பதாவது மைல்’ என்று நீங்கள் பலமுறை கண்டு மகிழ்ந்த புல்மேடுகள் அதைச் சேர்ந்தவையே. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இத்தகைய வேட்டைக்கு இடமில்லை. இங்கிலாந்திலும் 2004இல் சட்டமியற்றி நரிவேட்டையைத் தடுத்தார்கள். நரி தப்பியது, நன்று. ஆனால் வேட்டைக் குதிரை ஓடிய ஓட்டம் போகவில்லை. முன்பே வாசனை இழுத்து வைத்த தடத்தில் ஓடுவது, நெடுந்தூரச் சவாரி, மாணவர் படையின் வெளிப்பயிற்சி என்று அது வேறு உருவங்களில் இருக்கவே செய்கிறது. ஆகவே கேள்வியும் இருக்கிறது.

வேட்டைக் குதிரை ஒரே நாளில் நான்கைந்து மணி நேரம் வெளியில் இருக்கும். சிறிது தூரம் பாய்ந்தோடும்; நாய்கள் மோப்பத்தை இழந்தால் குளிரிலோ மழையிலோ நின்று காத்திருக்கும்; மறுபடியும் ஓடும். புல், சேறு, ஓடை, முட்புதர் ஆகிய எல்லாம் ஒரே நாளில் அதன் காலடியில் வரும். போலோ விளையாட்டை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணிப்பூரிலிருந்து ஆங்கிலேயர் கற்றுக்கொண்டு உலகெங்கும் பரப்பிய ஆட்டம் அது. அதிலே குதிரையின் கால்களுக்குக் காப்பு இருந்தே தீரவேண்டும் என்பது விதி. மட்டையும் பந்தும் காலில் மோதுவது உறுதி; அன்றியும் ஒரு சுற்று ஏழு நிமிடத்திற்குச் சற்று மேற்பட்டது; சுற்று முடிந்ததும் குதிரையை மாற்றிக் காப்பை அவிழ்த்துவிடலாம். தடை தாண்டும் போட்டியில் வேறொரு நுட்பம் கையாள்கிறார்கள். பின்புறம் மூடி, முன்புறம் திறந்த காப்பைக் கட்டுகிறார்கள். கழி முன்னெலும்பில் பட்டால் குதிரைக்குத் தெரியவேண்டும். அப்போதுதான் அடுத்த முறை காலை உயர்த்தும். காப்பு முழுமையாக இருந்தால் குதிரை கவனக்குறைவாகிவிடும் என்பது அவர்கள் கருத்து. ஆக, ஏழு நிமிட ஆட்டத்திற்கு ஏற்ற விதியை ஐந்து மணி நேர ஓட்டத்திற்கு அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. இங்கிலாந்தில் பழுத்த வேட்டைக்காரர் பலர் தம் குதிரையை வெறுங்காலோடு கொண்டுசென்றதன் காரணம் கஞ்சத்தனம் அன்று.

இனி வெப்பத்தைப் பற்றிக் கூறவேண்டும். இதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். என் மாணவப் பருவத்தில் யாரும் எனக்குக் கற்பிக்காத பகுதி இதுவே.

குதிரை பாயும்போது ஒரு கணம் முழு உடலும் ஒற்றை முன்காலின்மேல் விழுகிறது. அக்கணத்தில் அந்தக் காலின்மேல் ஏறும் பாரம் உடலெடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அப்போது பின்புறத்துத் தசைநாண் இழுவையால் நூற்றுக்குப் பதினாறு பங்குவரை நீள்வதாக அளந்திருக்கிறார்கள். நீண்டபின் சுருங்கி, வில்நாணைப்போல் காலை முன்னே எறிகிறது. குதிரை களைப்பின்றி ஓடுவதற்கு இந்த நாணே காரணம். ஆனால் எந்த நாணும் தான் வாங்கிய ஆற்றலை முழுவதும் திருப்பித் தருவதில்லை. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வெப்பமாக மாறி உள்ளேயே தங்குகிறது. ஓட ஓட இவ்வெப்பம் சேர்கிறது. இங்கிலாந்தில் 1994இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், பாய்ந்தோடும் குதிரையின் தசைநாண் நடுவே நுண்ணிய வெப்பமானியைப் பொருத்தி அளந்தார்கள். அது 45 பாகை செல்சியஸ்வரை ஏறியது. நம் உடம்பு 41 பாகையைத் தொட்டாலே வீட்டார் பதறி மருத்துவரிடம் ஓடுகிறோம்; 45 பாகை என்பது எத்தகையதென்று கருதுங்கள். தசைநாணின் உயிரணுக்கள் வெப்பத்தைத் தாங்குவதில் சிறிது வல்லமை உடையவைதாம். ஆயினும் அடிக்கடி இப்படிச் சூடேறினால் நாணின் நடுப்பகுதி நலிந்து, பின்னொரு நாள் ஒரு தவறான அடியில் கிழிந்துவிடக்கூடும் என்று கருதுவோர் பலர். கிழிந்த நாண் ஆற ஓராண்டும் ஆகும். ஆறினாலும் தழும்பு நாணின் நெகிழ்ச்சியைப் பெறாது.

இந்த வெப்பம் வெளியேற வழி என்ன? தோலில் வீசும் காற்றும், ஆவியாகும் வியர்வையுமே. தடித்த காப்பைக் கட்டிவிட்டால் இரண்டும் தடைப்படுகின்றன. காப்பின்கீழே தோலின் வெப்பம் ஏறுகிறது என்பதைப் பலர் அளந்து காட்டியிருக்கின்றனர். சித்திரை, வைகாசியில் கடலூர்க் கரையோரத்திலே நம் சட்டையே உடம்பில் ஒட்டிக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. குளிர்நாட்டுக் கம்பெனி தன் நாட்டு மழைக்குச் செய்த காப்பை அங்கே கட்டினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. துளைகளிட்டுக் காற்றோட்டம் வைத்த காப்புகள் இப்போது வருகின்றன. அவை ஓரளவு மேல்.

இங்கே பரவலான ஒரு நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். காப்பைக் கட்டினால் தசைநாணுக்கு முட்டுக்கொடுத்ததுபோல் இருக்கும், அது அறுந்துபோகாது என்று பலர் நம்புகிறார்கள். ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை ஒரு துணிப்பட்டை தாங்கும் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வெளியிலிருந்து வரும் அடியைக் காப்பு தடுக்கும். உள்ளிருந்து வரும் முறிவைத் தடுக்காது. அதைத் தடுக்கும் என்றெண்ணி இறுக்கிக் கட்டினால் அந்த இறுக்கமே நாணை நசுக்கிக் காயப்படுத்தும். தளர்த்திக் கட்டினால் காப்பு சுழன்று இறங்கி, குதிரை தன் காப்பையே மிதித்து விழும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1968ஆம் ஆண்டு. சென்னையில் கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நான் பொங்கல் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன். சிதம்பரத்திற்கும் வெள்ளாற்றுக்கும் இடையே ஒரு கிராமத்தில் பெரிய மிராசுதார் ஒருவர் இருந்தார். அறுவடை முடிந்ததும் நண்பர்களோடும் நாட்டு நாய்களோடும் குள்ளநரி துரத்தப் புறப்படுவார். அவரிடம் செந்நிறப் பெண்குதிரை ஒன்று இருந்தது. பட்டாளத்துப் பொருள்களை ஏலம் போட்ட இடத்தில் தோலும் கம்பளியுமாய்த் தைத்த கால்காப்பு நான்கு வாங்கியிருந்தார். “தம்பி, நீ இதையெல்லாம் படிக்கிறவனாயிற்றே! கட்டலாமா?” என்று கேட்டார். நான் குதிரையை நடக்கவிட்டுப் பார்க்கவில்லை. போகிற வழி என்னவென்று கேட்கவில்லை. “தாராளமாகக் கட்டுங்கள், ஐயா, கட்டாதிருப்பதே தவறு” என்றேன்.

வீட்டிற்கு வந்து பெருமையோடு பாட்டனாரிடம் இதைக் கூறினேன். அவர் வெற்றிலையை மென்றபடியே, “சாலைக்குக் கட்டலாமடா. சேற்றுக்குக் கட்டலாகாது. கட்டினாலும் வழியிலே இறங்கி அவிழ்த்துப் பார்க்கச் சொன்னாயா?” என்றார். சொல்லவில்லை. போய்ச் சொல்லிவரவும் எனக்குத் தோன்றவில்லை. கல்லூரி மாணவனுக்கு ஜட்காக்காரர் பாடம் சொல்வதா என்ற எண்ணம்.

தை மாதத்து வயல் மேலே காய்ந்திருந்தது. ஆனால் வாய்க்கால் ஓரங்களில் சேறு இருந்தது, கரையெல்லாம் கருவேலமுள். பகல் முழுவதும் ஓடிவிட்டு இருட்டியபின் திரும்பினார்கள். விருந்தினர் இருந்ததால் வீட்டில் ஒரே சந்தடி. காப்புகளை அவிழ்க்காமலே குதிரையைக் கொட்டிலில் விட்டுவிட்டார்கள். மறுநாள் உச்சிவேளையில் அவிழ்த்தபோது காப்பின் மேல்விளிம்பு வழியே புகுந்த சேறு உள்ளே காய்ந்து, மணற்காகிதம்போல் தோலைத் தேய்த்திருந்தது. கம்பளி நனைந்து கனத்துக் கீழே இறங்கியிருந்தது. வலது முன்காலில் கணுவின் பின்புறம் மட்டும் வீக்கம். உரசலால் வந்ததென்று மஞ்சள் பூசினார்கள். மூன்றாம் நாள் குதிரை காலைத் தரையில் ஊன்றவில்லை. என்னை அழைத்தார்கள், நான் என் ஆசிரியர் ஒருவருக்குத் தந்தி அடித்தேன், அதற்குள் கடலூரிலிருந்து மருத்துவர் வந்து கீறிப் பார்த்தார். ஓர் அங்குல நீளமுள்ள முள் வெளிவந்தது. தசைநாணைச் சூழ்ந்த உறைக்குள் சீழ் பிடித்திருந்தது.

நான் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். காப்பு இல்லாவிடினும் அந்த முள் தைத்திருக்கலாம். ஆனால் வெறுங்காலில் தைத்திருந்தால் ஒரு நாழிகைக்குள் எவர் கண்ணிலாவது பட்டிருக்கும், பிடுங்கி எறிந்திருப்பார்கள். காப்பு அதை மறைத்தது. மறைத்ததோடு, ஒவ்வோர் அடியிலும் ஆணியை அறைவதுபோல் உள்ளே அறைந்தது. பெனிசிலின் கொடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்தக் குதிரை அதற்குப்பின் எட்டு ஆண்டுகள் இருந்தது. ஒரு நாளும் ஓடவில்லை. மிராசுதார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவர் வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம் அது கொட்டிலில் வலது காலை மடக்கி நிற்பதை நான் பார்த்துக்கொண்டு போவேன்.

வந்திருந்த மாணவரிடம் இதைக் கூறி முடித்தபின், நம் மாவட்டத்து மண்ணைக்கொண்டே விளக்கம் சொன்னேன். கடலூருக்கு மேற்கே கேப்பர் மலைச் செம்மண் மேடு, கல்லும் சரளையும் உண்டு, நீர் தேங்காது. அங்கே ஒரு மணி நேரப் பயிற்சி என்றால் மெல்லிய காப்பு நன்மையே. தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டைவரை கடலோரம் மணல். அந்த மணல்மேடுகளின் ஓரத்தில்தான் 1781 ஜூலை 1ஆம் நாள் ஹைதர் அலியின் பெரும் குதிரைப் படை ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் சேனையோடு பொருதது. மணலில் கால் புதைவதால் தசைநாணுக்கு இழுவை அதிகம், சூடும் அதிகம், மணல் காப்புக்குள் புகுந்தால் தேய்க்காமல் விடாது. மோதுவதற்கோ அங்கே கல்லில்லை. ஆகவே கட்டாதிருத்தல் நலம். சிதம்பரத்தைச் சுற்றியுள்ள வீராணத்துப் பாசன நிலமோ களிமண். கோடையில் இரும்புபோல் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால்வரை விழுங்கும். ஈரத்தில் ஊறிய தோலில் ஒருவகை நுண்ணுயிர் புகுந்து பொருக்குப் பொருக்காய்ப் புண் உண்டாக்கும். சேறும் காப்பும் சேர்ந்தால் அதற்கு விருந்து. அந்தப் பருவத்தில் வெறுங்காலோடு செல்வதும், திரும்பியவுடன் கழுவித் துடைத்து உலர்த்துவதுமே வழி.

மண்ணைப் பார்த்தபின் குதிரையைப் பார்க்கவேண்டும். பின்னாலிருந்து ஒருவர் நோக்க, மற்றொருவர் அதை நேராக நடத்திச் செல்லட்டும். உட்புறக் கணுவில் மயிர் தேய்ந்திருக்கிறதா? முன்குதியில் பழைய வெட்டுத் தழும்பு உண்டா? இருந்தால் அது தன் காலைத் தானே அடித்துக்கொள்ளும் குதிரை. அதற்கு அந்த இடத்திற்கு மட்டும் காப்பு வேண்டும். முதலில் லாடம் அடிப்பவரிடம் காட்டவும் வேண்டும். லாடத்தின் உள்விளிம்பைச் சிறிது அராவினாலே பல குதிரைகளின் உரசல் நின்றுவிடும். இவ்வடையாளங்கள் இல்லாத குதிரைக்கு, அழகுக்காக நான்கு காலிலும் கட்டுவானேன்? ஐயனார் கோயில் மண்குதிரைக்குச் சலங்கை கட்டுகிறோம், அது ஓடப்போவதில்லை.

மாணவர் குறித்துக்கொண்டார். பிறகு, “உங்கள் பாட்டனார் கண்ணை மூடிக்கொண்டு என்னதான் செய்தார்?” என்று கேட்டார். எழுந்து அவரை அழைத்துச் சென்று அடுத்த தெருவிலுள்ள ஒருவரின் மட்டக்குதிரையிடம் காட்டினேன். ஓடிக் களைத்த குதிரையின் கால்கள் இரண்டும் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதனால் ஒன்றை மட்டும் தொட்டால் ஒன்றும் விளங்காது. இரண்டையும் ஒரே நேரத்தில் முழங்காலிலிருந்து கீழ்நோக்கித் தடவி வந்தால், ஒரு புறத்தில் மட்டும் சூடு மிகுந்திருப்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். நொண்டல் வெளிப்படுவதற்குப் பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே இது தெரியும். கண்ணை மூடிக்கொண்டால் கைக்குக் கவனம் கூடுகிறது.

சென்ற வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் ஏறும் குதிரை இடது பின்காலால் முன்குதியை மிதிக்கும் பழக்கமுடையதாம். முன்குளம்புகளுக்கு மட்டும் மணிக்காப்பு வாங்கியிருக்கிறார். மழை பெய்த நாளில் அதையும் கழற்றி வைத்துவிடுகிறாராம்.